மூன்றாவது தரமும் நடுவால்

ஆட்டம் முடிய ஒரு நிமிடம்கூட இல்லை. ஹெரன்ஸ் பல்கலைக்கழக அணி நான்கு புள்ளிகளால் பின்தங்கி நின்றது. ஆனால் பந்து அவர்களிடம் இருந்தது. எதிரணியின் கோட்டுக்கு இரண்டே யார், அதாவது ஆறடி தூரம். தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தை நெஞ்சோடு அணைத்தபடி மோதி ஓடும் இந்தக் கனடாக் கால்பந்தில் ஓர் அணிக்கு மூன்று முயற்சிகள் உண்டு. மூன்றில் ஒன்றிலாவது பந்தைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோனால் வெற்றி.

முதல் முயற்சியில், பந்தைக் கையாளும் குவாட்டர்பாக் அதை ஜூலியனிடம் கொடுத்தான். அவன் குனிந்து நடுவால் பாய்ந்தான். நான்கைந்து பேர் சேர்ந்து அமுக்கினார்கள். இரண்டாவதும் ஜூலியன், நடுவால். மூன்றாவதும் ஜூலியன், நடுவால். குவிந்து கிடந்தவர்களை ஒவ்வொருவராக இழுத்துவிட்டு நடுவர் பார்த்தபோது பந்து கோட்டுக்கு ஒரு முழம் இப்பால் கிடந்தது.

அவ்வளவுதான். தொடர்ச்சியாக ஐந்தாவது தோல்வி.

ஜூலியனின் தகப்பன் சீமோன் இருக்கையைவிட்டு எழும்பவில்லை. பிறம்ரனில் ஒரு களஞ்சியத்தில் ஷிஃப்ற் சூப்பர்வைசராக வேலை செய்பவர். நான்கு வருடங்களாக ரொறன்ரோவில் நடந்த ஆட்டம் ஒன்றையும் அவர் தவறவிட்டதில்லை. மகனுக்கு இது கடைசி வருடம். தொழில்முறை அணிகளிலிருந்து ஆள் தேடுபவர்கள் வந்து பார்க்கிற வருடம். அன்று மத்தியானம் முழுக்க, "ஜூலியனுக்குக் குடு, ஜூலியனுக்குக் குடு" என்று தொண்டை கட்டும்வரை கத்தியவரும் அவர்தான். கொடுத்தார்கள்.

அப்போதுதான் மாக்கஸ் படியால் இறங்கி வந்தார். எந்த நேரத்தில் எந்த ஆட்டம் ஆடுவது என்று தீர்மானிக்கும் பயிற்றுநர் அவர். பார்வையாளர்களுக்கு மேலே உள்ள கண்ணாடி அறையில் இருந்துகொண்டு, ஹெட்செற் வழியாகக் கீழே சொல்லி அனுப்புவார். ஆட்டம் முடிந்தால் பார்வையாளர்களுக்கு நடுவால்தான் இறங்கவேண்டும். ஜமேய்க்காவிலிருந்து வந்த குடும்பம். பிறந்து வளர்ந்தது ஸ்காபரோவில். முப்பத்தைந்து வயது இருக்கலாம்.

சீமோன் எழுந்து அவருடைய வழியை மறித்தார். ஒரே ஆட்டத்தை மூன்று தரம் ஆடச் சொல்ல எவனுக்காவது மூளை வேண்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். என் பிள்ளையைச் சுவரில் மோத வைத்துக் கொன்றுவிட்டாய் என்றார். பக்கத்தில் நின்ற இன்னும் சிலர் சேர்ந்து கத்தினார்கள். யாரோ வெறும் கோப்பிக் கப் ஒன்றை எறிந்தார்கள்.

மாக்கஸ் நின்றார். சீமோனை அவருக்குத் தெரியும். ஏதோ சொல்ல வாயெடுத்து, நிறுத்தினார். பிறகு, "என்னுடைய முடிவுதான், சேர். பிழை என்னுடையது" என்று சொல்லிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு இறங்கிப் போனார்.

*

தோற்கும் நாட்களில் அவர்கள் மூன்று பேரும் மைதானத்துக்கு எதிரே இருந்த கோப்பிக்கடையில் கூடுவார்கள். சீமோன் ஒருவர். மற்றவன் றம்ஸி, ரெக்ஸ்டேலில் சொந்தமாகப் பிளம்பிங் வேலை செய்பவன். ஒரு நாள் சீமோனுக்குத் துணையாக வந்தவன், பிறகு சீமோனைவிடப் பைத்தியமாகிவிட்டான். மூன்றாவது ஆள் பாலேஸ்வரி. அவருடைய மகன் இதே அணியில் விளையாடிவிட்டு வேலைக்குக் கல்கரி போய்விட்டான். மகன் போனாலும் தாய் ஆட்டம் பார்க்கப் போவதை நிறுத்தவில்லை. ஹெரன்ஸ் ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவை நடத்துவதும் அவர்தான்.

"நான் சொல்லுறன், உந்த மனுசனை நாளைக்கே வேலையை விட்டுக் கலைக்க வேணும்," என்றார் பாலேஸ்வரி, ஜக்கெற்றைக் கழற்றாமலே. "முதல் தரம் நடுவால ஓடு. சரி. ரெண்டாந்தரமும் ஓடினாய். அதுவும் சரியெண்டு வை. மூண்டாந்தரம் எதிராளிக்குத் தெரியாதே? ஒன்பது பேரை நடுவுக்குள்ள கொண்டந்து நிப்பாட்டிப்போட்டு நிக்கிறான்."

"ஏன் எறியேல்லை எண்டதுதான் எனக்கு விளங்கேல்லை, அக்கா," என்றான் றம்ஸி. "வலப்பக்க மூலையில எங்கட பெடியன் தனிய நிண்டவன். கை ரெண்டையும் தூக்கிக்கொண்டு நிண்டவன். ஒரு குஞ்சு குருமான் பக்கத்தில இல்லை. சும்மா தூக்கிப் போட்டிருந்தா முடிஞ்சுது கதை."

"அதைத்தானே சொல்லுறன். உவர் மேல கண்ணாடிக்குள்ள இருந்து என்னத்தைப் பாத்தவர்?"

"எல்லாம் ஜூலியன்ர தலையிலதான். அண்ணை, குறை நினைக்காதைங்கோ, குறூப்பில இப்பவே எழுதத் தொடங்கீற்றாங்கள். அவனுக்கு ரெண்டு யார் தள்ள ஏலாதோ எண்டு."

சீமோன் கோப்பியைத் தொடவில்லை. "எழுதட்டும்," என்றார். "அவன் என்ன செய்யிறது? சொன்னதைச் செய்தவன். சொன்னவனைக் கேக்கச் சொல்லு." இந்தத் தோல்வியோடு அரையிறுதிக்கான வழியும் அடைபட்டுவிட்டது. மிச்சம் ஒரே ஓர் ஆட்டம். ஆள் தேடுபவர்கள் இனி ஏன் வரப்போகிறார்கள்? நான்கு வருடமாக விடியற்காலை ஐந்து மணிக்கு எழும்பி ஓடிய பிள்ளை. அவனுடைய பெயரோடு இனி ஒட்டிக்கொண்டிருக்கப்போவது ஒரு முழம் நிலம்.

"நான் எடுத்து வச்சிருக்கிறன், பாருங்கோ," என்று பாலேஸ்வரி போனை மேசையில் சாய்த்து நிறுத்தினார். கடைசி மூன்று முயற்சிகளையும் அவர் படம் பிடித்திருந்தார். "உதைத்தான் எல்லா இடமும் போடப்போறன். பாக்கட்டும் சனம்."

மூன்று தலைகளும் குனிந்தன. பாலேஸ்வரி விரலால் நிறுத்தி நிறுத்திக் காட்டினார். "இஞ்ச பாருங்கோ, மூலையில நிக்கிறான். கையைத் தூக்கிறான். பாத்தீங்களே? உங்கால ஜூலியன் நடுவுக்குள்ள போறான். திருப்பிப் போடுறன்."

திருப்பிப் போட்டார். மூன்றாவது முயற்சி முடிந்து, ஆட்கள் எழும்பி, எதிரணி துள்ளிக் குதித்தது. பாலேஸ்வரியின் போன் கொஞ்ச நேரம் அப்படியே ஓடியிருந்தது. றம்ஸி இன்னும் மூலையில் நின்றவனைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தான். சீமோன் மகனைப் பார்த்தார்.

ஜூலியன் கடைசியாக எழும்பினான். ஒரு கையை நிலத்தில் ஊன்றி, பிறகு மற்றக் கையையும் ஊன்றி எழும்பினான். சுற்றிவரப் பார்த்தான். மெதுவாக நடக்கத் தொடங்கினான். எதிரணியினர் நிற்கும் பக்கத்துக்கு நடந்தான். நீலச் சட்டைக்காரர்களுக்கு நடுவில், வெள்ளைச் சட்டையோடு, வீட்டுக்குப் போகிறவன்போல நடந்தான். நடுவர் ஒருவர் வந்து அவனுடைய தோளைப் பிடித்து மறுபக்கம் திருப்பிவிட்டார்.

"அதைத் திருப்பிப் போடு," என்றார் சீமோன்.

"மூலையில நிக்கிறவனையோ?"

"இல்லை. பிறகு. அவன் நடக்கிறதை."

மூன்றாம் தரமும் பார்த்தபோது றம்ஸி பேசுவதை நிறுத்தினான். பாலேஸ்வரி, "கவலையில போயிருப்பான்..." என்று தொடங்கினார்.

சீமோன் மகனுக்குப் போன் எடுத்தார். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி எடுத்தார். ஆட்டம் முடிந்த கையோடு ஜூலியன் ஒரு செய்தி அனுப்பியிருந்தான்: சரியான களைப்பு அப்பா, போய்ப் படுக்கப்போறன், நாளைக்குக் கதைப்பம். கவலையில் எழுதியதென்று நினைத்துத்தான் சீமோன் அவனைத் தனியே விட்டிருந்தார். அந்த வரியில் இப்போது அவருடைய கண் நின்றது ஒரே சொல்லில்தான். படுக்கப்போறன். தலையில் அடிபட்டவனை நித்திரைக்குப் போகவிடக் கூடாதென்று அவர் கேள்விப்பட்டிருந்தார்.

"றம்ஸி, காரை எடு."

*

ஜூலியன் இன்னும் இரண்டு மாணவர்களோடு பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் பேஸ்மென்ற்றில் இருந்தான். பத்து நிமிட ஓட்டம். சனிக்கிழமைப் பின்னேரத்தில் எல்லாச் சிக்னலும் சிவப்பாகவே விழுந்ததுபோல இருந்தது சீமோனுக்கு. றம்ஸி வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டே ஓட்டினான். பின்னாலிருந்து பாலேஸ்வரி ஓயாமல் ஜூலியனின் இலக்கத்தை அழுத்திக்கொண்டிருந்தார்.

கதவு பூட்டியிருக்கவில்லை. உள்ளே லைற் இல்லை. ஜன்னலில் துவாய் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தான். வாந்தி மணத்தது. விளையாடிய காற்சட்டையோடு, ஒற்றைக் காலில் மட்டும் சப்பாத்தோடு, ஜூலியன் கட்டிலுக்குப் பக்கத்தில் நிலத்தில் சாய்ந்து இருந்தான். கண் திறந்திருந்தது.

"லைற் போடாதைங்கோ அப்பா."

சீமோன் முழங்காலில் விழுந்து அவனுடைய முகத்தைப் பிடித்தார். "எப்ப அடிபட்டது? எனக்குச் சொல்லு. எப்ப?"

"செக்கன்ட் குவாட்டர், பாதி ஆட்டத்துக்கு முதல்." சொற்கள் நாக்கில் வழுக்கின. "முழங்கால் ஒண்டு வந்து... ஹெல்மெற்ல. அதுக்குப் பிறகு எல்லாம் வெள்ளையா இருந்தது."

"ஒருத்தருக்கும் சொல்லேல்லையோ நீ?"

"சொன்னா வெளியில இருத்திடுவாங்கள். தெறப்பிஸ்ற் கேட்டவ. ஐயாம் குட் எண்டு சொன்னனான்." சிரிக்கப் பார்த்தான். பிறகு தகப்பனின் கையை இறுக்கிப் பிடித்தான். "அப்பா. கடைசி. அது எனக்கு வாற பந்து இல்லை."

"என்னடா சொல்லுறாய்?"

"அது பாஸ். நான் சும்மா எடுக்கிற மாதிரிப் போகவேணும். வெறுங்கையோட. எல்லாரும் என்னைப் பிடிக்க வருவினம், குவாட்டர்பாக் மூலைக்கு எறிவான். நல்ல ப்ளே அப்பா. மாக்கஸ் சொன்ன நல்ல ப்ளே. முதல் ரெண்டும் அதுக்காகத்தான். எனக்கு மறந்துபோச்சு. பந்து கையில பட்டது, பிடிச்சிட்டன். அவன் இழுத்தவன். நான் விடேல்லை."

வாசலில் நின்ற றம்ஸியும் பாலேஸ்வரியும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

"அம்புலன்ஸ்," என்றார் சீமோன்.

"நோ. நோ அப்பா, ப்ளீஸ்." ஜூலியன் எழும்பப் பார்த்தான், வலது கால் சொன்னபடி கேட்கவில்லை. "இன்னும் ஒரு கேம் இருக்கு. ஆஸ்பத்திரியில எழுதினா முடிஞ்சுது. நான் படுத்து எழும்பினாச் சரி. அம்மாட்டைச் சொல்லாதைங்கோ. ப்ளீஸ் அப்பா, நாலு வருசம்."

சீமோன் வாழ்க்கையில் அந்தப் பிள்ளைக்கு 'இல்லை' என்று சொன்ன தருணங்கள் குறைவு. உந்த விளையாட்டு வேண்டாம் என்று தாய் அன்ரனெற் அழுதபோதும் அவர் மகனின் பக்கம்தான் நின்றார். இப்போது அவன் கண்ணைப் பார்த்தார். ஒரு கண்ணின் கருமணி மற்றதைவிடப் பெரிதாக இருந்தது.

"றம்ஸி!" என்று கத்தினார். "அடி, அம்புலன்ஸுக்கு அடி!"

ஜூலியன் அவரைக் கெட்ட வார்த்தையால் பேசினான். அதுவரை ஒருநாளும் பேசியதில்லை. பேசியபடியே மறுபடி வாந்தி எடுத்தான். பிறகு தலை தகப்பனின் நெஞ்சில் சரிந்தது. சீமோன் அவனுடைய கன்னத்தில் தட்டித் தட்டி, பெயரைச் சொல்லிச் சொல்லி, சைரன் கேட்கும்வரை அவனை நித்திரைக்குப் போகவிடாமல் பிடித்திருந்தார்.

*

மண்டையோட்டுக்கும் மூளைக்கும் இடையில் இரத்தம் கட்டியிருக்கிறது, உடனே திறந்து எடுக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னார். இன்னும் இரண்டு மணித்தியாலம் நித்திரை கொண்டிருந்தால் எழும்பியிருக்க மாட்டான் என்றும் சொன்னார். சீமோன் கையெழுத்துப் போட்டார். பேனையைத் திருப்பிக் கொடுக்க மறந்து கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

அன்ரனெற் முதியோர் இல்ல வேலையிலிருந்து சீருடையோடு ஓடி வந்தார். புருசனை அடிக்கவுமில்லை, ஏசவுமில்லை. கதிரையில் இருந்து செபமாலையை எடுத்தார். சீமோன் பக்கத்தில் இருக்க வந்தபோது தன் கைப்பையை அந்தக் கதிரையில் தூக்கி வைத்தார்.

மாக்கஸ் அப்போதுதான் வந்தார். ஜூலியனோடு ஒரே வீட்டில் இருந்த பையன் சொல்லிக் கேள்விப்பட்டிருந்தார். காலையில் போட்ட அணிச் சட்டையையே இன்னும் போட்டிருந்தார். சீமோன் அவரை நோக்கிப் போனார். றம்ஸி இடையில் பாய்ந்து பிடிக்கப் பார்த்தான், தேவைப்படவில்லை.

"அது நீங்கள் சொன்ன ஆட்டமில்லை என்று ஏன் சொல்லவில்லை?" என்று ஆங்கிலத்தில் கேட்டார் சீமோன். "அவ்வளவு பேருக்கு முன்னால் ஏன் பழியை எடுத்தீர்கள்?"

அவனுக்கு இருபத்தொரு வயது, இணையத்தில் அவனைக் கடித்துக் குதறியிருப்பார்கள் என்றார் மாக்கஸ். தன்னைத் திட்டுவது அவர்களுக்குப் பழக்கம் என்றும் சொன்னார்.

"அவன் அடிபட்டிருந்தது தெரியுமா?"

"மூன்றாவது குவாட்டரில் அவன் ஒரு தரம் பிழையான பக்கம் போய் நின்றான்," என்றார் மாக்கஸ். "மேலிருந்து பார்த்தேன். கீழே கேட்டேன். சரியாக இருக்கிறான் என்றார்கள். நான் இன்னொரு தரம் கேட்டிருக்க வேண்டும். எனக்கு வெற்றி தேவைப்பட்டது. நான் கேட்கவில்லை."

சீமோனின் கை மடங்கி உயர்ந்தது. அதே நேரத்தில் அவருடைய காதுக்குள் அவருடைய குரலே கேட்டது: ஜூலியனுக்குக் குடு, ஜூலியனுக்குக் குடு. கை தானாக இறங்கியது. இரண்டு பேரும் சுவரோரமாக நின்றார்கள். அன்ரனெற் மட்டும் செபத்தை நிறுத்தவில்லை.

பிள்ளை பிழைத்தான்.

*

பிழைத்தான் என்பதை அந்த வீட்டில் எல்லோரும் அடிக்கடி சொல்லிக்கொண்டார்கள். மற்றவற்றைச் சொல்லாமல் இருப்பதற்கு அது உதவியது. வலது கை கரண்டியைப் பிடிக்க மறுத்தது. தமிழில் தொடங்கிய வசனம் ஆங்கிலத்துக்குப் போய் அங்கேயும் வழியில்லாமல் நின்றது. இனி விளையாடுவதைப் பற்றி யாரும் கேட்கக்கூட இல்லை.

பாலேஸ்வரி அந்தப் படத்தை எங்கேயும் போடவில்லை. ஆனால் வேறு யாரோ எடுத்தது ஊர் முழுக்கச் சுற்றியது. மூன்று தரமும் நடுவால். மாக்கஸைக் கலை என்று இரண்டாயிரம் பேர் எழுதினார்கள். கடைசி ஆட்டத்திலும் ஹெரன்ஸ் தோற்றது.

சீமோன் அதற்கு மேல் பொறுக்கவில்லை. ஒரு நாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, பல்கலைக்கழக விளையாட்டுத் துறைப் பணிப்பாளரிடம் நேரே போனார். நடந்ததைச் சொன்னார். மூன்றாவது முயற்சி பாஸ் என்று சொன்னார். மகன் இரண்டாவது குவாட்டரிலேயே அடிபட்டிருந்தான், ஞாபகம் பிசகியதால்தான் பந்தைப் பிடித்தான், அந்த மனிதன் மேல் பழி இல்லை என்றார். பணிப்பாளர் கவனமாகக் கேட்டார். அடிபட்டவனைத் தொடர்ந்து விளையாடவிட்டார்களா என்று கேட்டார். மாக்கஸ் எதையாவது கவனித்தாரா என்று கேட்டார். சீமோனுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

அந்தக் கிழமையே மாக்கஸை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். தோல்விகளுக்காக அல்ல, வீரரின் பாதுகாப்பைக் கவனிக்காததற்காக.

சீமோன் போன் எடுத்து மன்னிப்புக் கேட்டபோது, நீங்கள் சொன்னது உண்மைதானே என்றார் மாக்கஸ். பிள்ளை எப்படி என்று கேட்டார்.

அன்றைக்கே சீமோன் வாட்ஸ்அப் குழுவிலும் சொன்னார். எழுத வராமல், குரலாகப் பதிந்து போட்டார். மூண்டாவது ப்ளே பாஸ்தான், என்ர மகன்தான் தெரியாமல் பிடிச்சவன், அந்த மனுசனை இனி விடுங்கோ என்றார். சிலர் கைகூப்பும் படங்களைப் போட்டார்கள். அரை மணித்தியாலத்துக்குள் ஒருவர் எழுதினார்: "அது சரி அங்கிள், ஆனா முதல் ரெண்டு தரமும் என்னத்துக்கு நடுவால ஓடினவை?" இன்னொருவர் அதற்கு மறுமொழி எழுதினார். பாலேஸ்வரி, "கொஞ்சம் வாயை மூடுங்கோ எல்லாரும்," என்று போட்டார். அவர்கள் மூடவில்லை. முன்னூறு செய்திகளுக்குப் பிறகு றம்ஸி குழுவிலிருந்து விலகினான். பிறகு சீமோனும் விலகினார்.

மறுவாழ்வு நிலையத்தில் ஜூலியனுக்கு ஒரு பின்னேரம் தெளிவாக இருந்தது. அன்ரனெற் கீழே சாப்பாடு வாங்கப் போயிருந்தார். அந்த ஆட்டத்தில் அவனுக்கு முதல் குவாட்டர் மட்டும்தான் ஞாபகம். பேஸ்மென்ற்றில் தகப்பனிடம் சொன்னதுகூட அழிந்து போயிருந்தது.

"அப்பா," என்றான். "கடைசியில... எனக்கோ தந்தவை? பந்தை?"

அது உனக்கு ஞாபகம் வரத் தேவையில்லை, படு என்று சொல்லலாம். மாக்கஸ்தான் குடுக்கச் சொன்னவர் என்றும் சொல்லலாம். உலகம் முழுக்க அதைத்தான் நம்புகிறது. சீமோன் கட்டிலின் விளிம்பில் இருந்தார்.

"தரேல்லை. அது பாஸ். நீ பிடிச்சிட்டாய்."

ஜூலியன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். "மூலையில... ஆள் நிண்டவனோ?"

"நிண்டவன். தனிய நிண்டவன்."

"மாக்கஸ் ஏசினவரோ?"

"இல்லை. தன்ர பிழை எண்டுதான் எல்லாருக்கும் சொன்னவர்."

பிள்ளையின் வாய் கோணியது. அழுகையா, இன்னும் சரிவராத தசையா என்று சீமோனுக்குத் தெரியவில்லை. ஜூலியன் சுவர்ப்பக்கம் திரும்ப முயன்றான். வலது பக்கம் ஒத்துழைக்கவில்லை. சீமோன் எழுந்து, அவனுடைய தோளுக்கும் இடுப்புக்கும் கை கொடுத்து, அவன் விரும்பிய பக்கமே திருப்பிவிட்டார். சொல்லியிருக்கக் கூடாதோ என்ற யோசனை அப்போதுதான் வந்தது. போர்வையை இழுத்துப் போர்த்துவிட்டு, அந்த முதுகைப் பார்த்தபடி நின்றார்.